பசை காயும் முன்

அத்தியாயம் 9

என் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இடப்புறம் அளந்தது. வலப்புறம் ஊகம். மாலை வகுப்பில் மரவேலைக் குறிப்புகளை அப்படித்தான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் நடப்பதையும் நான் அதே மாதிரி எழுதத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது.

இடப்புறம் நான்கே விஷயங்கள். வலப்புறம் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் கிறுக்கியிருக்கிறேன். இது சரியில்லை என்று எனக்கே தெரியும்.

அந்த நான்கும் போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாதவர்களுக்காக நான் ஒருமுறை பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டின் சமையலறைக்கு ஒரு சுவர் அலமாரி செய்யலாம் என்று அண்ணன் டேரில் சொன்னான். ஆசாரிக்குக் கிறிஸ்துமஸ் வரை வேலை இருக்கிறதாம். "நீதான் படிக்கிறியே, நாமளே செஞ்சிரலாம்" என்று ஒரு காகிதத்தில் அளவு எழுதிக் கொடுத்தான். அகலம் முப்பது அங்குலம். எங்கள் சுவரோ ஜன்னலிலிருந்து மூலை வரை நாற்பத்திரண்டு. மூன்று முறை அளந்தேன். ஓர் அடிச் சுவரை ஏன் வெறுமனே விட வேண்டும் என்று கேட்டேன். "காத்து போகட்டும்" என்றான். எந்தக் காற்று, எங்கே போகிறது என்று சொல்லவில்லை.

அடுத்தது, அவன் பசை வேண்டாம் என்றது. எல்லா இணைப்புக்கும் போல்ட்தான் போட வேண்டுமாம். கழற்றுகிற மாதிரி.

பிறகு, வியாழக்கிழமை என் அளவு டேப் காணாமல் போனது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வகுப்புப் பையில் போடத் தேடினேன், இல்லை. வெள்ளிக்கிழமை காலை அதன் தகர டப்பாவிலேயே இருந்தது. கூடவே, மடித்து வைத்த இரண்டு பஸ் டிக்கெட். ஆனேக்கல் பஸ்.

கடைசியாக, ஆஞ்சலா அண்ணியின் அக்கா சந்தாபுராவில் இருக்கிறாள். ஆனேக்கல் பஸ் சந்தாபுரா வழியாகத்தான் போகும்.

இவ்வளவும் அளந்தது. இனி ஊகம். இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு பேர். எங்கள் சுவருக்குப் பொருந்தாத அளவு என்றால், அது வேறு ஏதோ ஒரு சுவரின் அளவு. கழற்றுகிற அலமாரி என்றால், எடுத்துப் போகிற அலமாரி. அண்ணனும் அண்ணியும் சொல்லாமல் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறார்கள்.

இதை வலப்புறம்தான் எழுதினேன். ஆனால் பேனா அடுத்த பக்கத்தில் பதிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறேன்.

போகிறவர்கள் போகட்டும் என்று விட என்னால் முடியாது. சொல்லாமல் ஒருவர் கிளம்பிப் போவதை இந்த வீடு ஒருமுறை பார்த்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பர் காலையில், அப்பா ஓசூரில் வேலை என்று கிளம்பினார். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று அவர் விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை. "மழை வரும், குடை எடுத்துக்கோ" என்றார். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் கடிதமும் இல்லை, அவரும் இல்லை.

அவர் சட்டை மாட்ட அடித்த ஆணி இன்னும் ஹால் சுவரில் இருக்கிறது. எங்களில் யாருக்கும் அது எட்டாது. அம்மா வருடத்துக்கு ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி அதில் காலண்டர் மாட்டுவாள்.

*

சனிக்கிழமை வகுப்பில் நான் ஒரு சோதனை செய்தேன்.

பிளைவுட் பலகைகளைச் சேர்க்கப் பல வழிகள் உண்டு. பலகையை ஒட்ட நிறுத்தி ஆணி அடித்துவிடலாம். சீக்கிரம் முடியும், சீக்கிரம் ஆடும். ஓரத்தில் திருகாணி போட்டால் பிளைவுட்டின் அடுக்கு பிளந்துகொள்ளும். மர முளை வைத்துச் சேர்க்கலாம், ஆனால் இரண்டு பக்கத் துளையும் மயிரிழை பிசகாமல் நேராக வர வேண்டும். என் கை அவ்வளவு நம்பகமானது இல்லை. கழுந்தும் துளையும், அதாவது ஒன்றின் நுனியைச் செதுக்கி மற்றதன் துளையில் செருகுவது, கெட்டி மரச் சட்டத்துக்குத்தான் சரி. மிஞ்சியது காடி. பக்கப் பலகையில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, தட்டின் ஓரத்தை அதில் இறக்குவது. பாரத்தைக் காடியே தாங்கும். அதைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளப் பசையா, போல்ட்டா என்பதுதான் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை.

இரண்டு மாதிரி செய்தேன். ஒன்று காடியும் பசையும். இன்னொன்று காடியும் போல்ட்டும். இரண்டிலும் தண்ணீர் நிறைத்த பக்கெட்டைத் தொங்கவிட்டேன். வகுப்பில் இருக்கும் பதினெட்டு ஆண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் ஒருத்திதான் பெண் என்பதால் நான் எது செய்தாலும் சுற்றி நிற்பார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது, இதில் இடம் இருந்தது, அதனால் வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இரண்டு மணி நேரம். இரண்டும் தாங்கின.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. போல்ட் உடைய வேண்டும் என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். சோதனை செய்கிறவள் அப்படி ஆசைப்படக் கூடாது. அதையும் வலப்புறம் எழுதினேன்.

*

ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பூசை முடிந்து வந்தோம். அம்மா மட்டும் மரியாயின் சேனைக் கூட்டம் என்று கோயிலிலேயே தங்கிவிட்டாள். ஹாலில் பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. இரண்டு பக்கப் பலகை, மூன்று தட்டு. காடிகளை நான் வெட்டி முடித்திருந்தேன்.

அண்ணன் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான். "பக்கெட் தாங்கிச்சா?"

"தாங்கிச்சு."

"எது?"

"ரெண்டும்."

"அப்பறம் என்ன. போல்ட்டே போதும்."

"போல்ட்டை ரெண்டு தரம் கழட்டி மாட்டினா ஓட்டை பெருசாயிடும்."

"ரெண்டு தரம் எதுக்கு? ஒரு தரம்தான் கழட்டுவோம்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். இட்லி கையிலேயே நின்றது. நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி டம்ளருக்கு மேலாக அவனைப் பார்த்தேன்.

"எதுக்கு கழட்டணும்?"

"வாடகை வீடு கேத்தி. ஒட்டி வெச்சா நாளைக்கு அப்படியே ஓனர் கோவிந்தப்பாவுக்கு விட்டுட்டுப் போகணும்."

"போன மாசம்தானே ஓனர் மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார்."

"அவர் எழுதினா எழுதினபடியே இருப்பாரா? ஒரு சேஃப்டிக்குத்தான்."

"ஒரு அடி சுவத்தை விடறதும் சேஃப்டிக்கா?"

"நீ சாப்பிடு முதல்ல." எழுந்து கை கழுவினான். கறிப்பையை எடுத்துக்கொண்டான். "போல்ட் பாக்கெட் டிவி மேல இருக்கு. நான் கறி வாங்கிட்டு வந்து முறுக்கறேன். நீ சும்மா அடுக்கி மட்டும் பாரு. வேற எதுவும் பண்ணாதே."

வேற எதுவும் பண்ணாதே என்று ஏன் சொல்ல வேண்டும்? நான் வேறு ஏதாவது செய்வேன் என்று அவனுக்கு எப்படித் தோன்றியது? அவனும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறானோ?

பின்பக்கம் துவைக்கிற கல்லில் அண்ணி துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் போய் நின்றேன்.

"என்ன ஆசாரி மேடம், உளியைக் காணோமா?"

"அண்ணி, வியாழக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

அவள் நிமிர்ந்தாள். "இது என்ன, போலீஸ் ஸ்டேஷனா?"

"சும்மா கேட்டேன்."

"ஓவர்டைம். எங்க கம்பெனியில ஷிப்மென்ட் போகுது. நூத்தி அறுபது சட்டைக்குக் காலர் பார்த்தேன். கழுத்து இன்னும் வலிக்குது. போதுமா?"

"உங்க அக்கா வீட்டுக்குப் போகலையா?"

"அவ வீட்டுக்குப் போயி ஆறு மாசம் ஆச்சு. ஏன், அவ ஏதாவது சொன்னாளா?" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். குரல் இறங்கியது. "கேத்தி, நானும் ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அந்த அலமாரி உன் சீருக்குத்தானே?"

"என்ன சீரு?"

"நடிக்காதே. உங்கண்ணனும் அத்தையும் மூணு வாரமா குசுகுசுன்னு பேசறாங்க. நான் போனா நிறுத்திடறாங்க. உனக்கு எங்கயோ பார்த்து முடிச்சிட்டாங்க. எனக்கு மட்டும் கடைசியில பத்திரிகை கொடுப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. இது உண்மையாகவே அவள் சந்தேகமா, அல்லது என் சந்தேகத்தைத் திருப்பிவிடச் சொல்கிறாளா? ஓவர்டைம் என்பதற்கு அவள் வாய்ச்சொல் தவிர என்ன சாட்சி? அண்ணனும் அம்மாவும் குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்றால், அம்மாவுக்கும் தெரியும். அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு காலையில் "குடை எடுத்துக்கோ" என்பார்கள்.

நான் ஹாலுக்குத் திரும்பினேன்.

*

பசைப் புட்டி என் வகுப்புப் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வர எப்போது முடிவு செய்தேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்து பையில் போட்டபோது, மாதிரிக்கு வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

காடிகளை முதலில் பிரஷால் துடைத்தேன். ஆறு காடி. பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் பசையை மெல்லிய கோடாக விட்டு, ஐஸ் குச்சியால் பரப்பினேன். அடித்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு. ஒவ்வொன்றையும் காடியில் இறக்கி, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டினேன். சத்தம் கேட்காமலிருக்க மேலே பழைய துணியை மடித்து வைத்தேன். திருடி மாதிரி இருந்தது.

பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வகுப்பில்தான் இருக்கிறது. வீட்டில் அதற்குக் கொடிக்கயிறு போதும். பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று கட்டி, நடுவில் அப்பளக் குழவியைச் செருகி முறுக்கினால் கயிறு இறுகும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். நேராக இருந்தது. இதுவரை நான் செய்ததில் இதுதான் மிகச் சரியான வேலை. அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணி பதினொன்று பத்து.

பெட்டி இனி பெட்டிதான். அவர்கள் போல்ட்டைத் தேடட்டும். எடுத்துப் போக வேண்டுமென்றால் தெரு முழுக்கப் பார்க்க முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது நானும் பார்ப்பேன்.

அண்ணி வாளியோடு உள்ளே வந்தாள். "என் கொடிக்கயிறு எங்க?" என்றவள், பெட்டியைப் பார்த்து நின்றாள். "இதை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கே? ஓடிடுமா?"

"ஓடக் கூடாதுன்னுதான்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

*

அண்ணன் வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. கறிப்பையைக் கீழே வைக்கக் குனிந்தவன் அப்படியே பெட்டியின் மூலையைப் பார்த்தான். காடியிலிருந்து பசை வெள்ளையாகப் பிதுங்கியிருந்தது. அதைத் துடைக்க நான் மறந்துவிட்டேன். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த விஷயம்.

விரலால் தொட்டான்.

"கேத்தி, இது என்ன?"

"பசை."

"போல்ட்டுன்னு சொன்னேனே."

"சொன்னே. ஏன்னு சொல்லல."

"எத்தனை இடத்துல வெச்சே?"

"ஆறு. எல்லா இடத்துலயும்."

அவன் முகம் வெளுத்தது. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பயந்தான். அது எனக்குப் பிடிபடவில்லை.

"நீங்க ஆனேக்கல் போறீங்க" என்றேன். "எனக்குத் தெரியும். ரெண்டு டிக்கெட் டப்பாவுல இருக்கு. போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. திடீர்னு ஒரு நாள் காலையில அலமாரியைக் கழட்டி எடுத்துக்கிட்டு..." 

அண்ணி வாளியைக் கீழே வைத்தாள். "எந்த ஆனேக்கல்? என்கிட்ட சொல்லாம நீங்க எங்க போனீங்க?"

"நான் எங்கயும் போகல" என்றான் அண்ணன்.

"அப்ப ரெண்டு டிக்கெட்?" என்றேன் நான்.

"போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு."

சொன்னது அம்மா. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஜெபப் புத்தகம் கையிடுக்கில் இருந்தது. தலையில் போட்ட முந்தானையைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

இரண்டு டிக்கெட், ஒரே ஆள். எவ்வளவு எளிது. இடப்புறம் 'டிக்கெட் இரண்டு' என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆளையும் இரண்டாக எண்ணியதுதான் என் ஊகம்.

அம்மா வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு மரவேலை ஒன்றும் தெரியாது. ஆனால் சரியான கேள்வியைத்தான் கேட்டாள்.

"இது காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"பதினொண்ணு பத்துக்கு முடிச்சேன். அரை மணிக்குள்ள தட்டினா பிரியும். அப்பறம் தட்டினா பலகைதான் பிய்யும்."

கடிகாரத்தில் பதினொன்று இருபத்தெட்டு.

"அம்மா, சொல்லிடு" என்றான் அண்ணன். "இதுக்கு மேல என்னால முடியாது. சாப்பாட்டு நேரத்துல அவ என்னைப் பார்க்கற பார்வை இருக்கே."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணி கேட்டாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா அவகிட்ட சொன்ன மாதிரிதானே."

"ஆமா, நீங்க ரொம்ப ரகசியம் காப்பாத்தினீங்க."

அம்மா ஜெபப் புத்தகத்தைத் திறந்து, உள்ளிருந்து கோயில் காணிக்கைக் கவர் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். கவரின் பின்பக்கம் பென்சிலால் ஒரு சமையலறை. கோடுகள் கோணல்தான். ஆனால் எண்கள் எல்லாம் அம்மாவின் கையெழுத்து. ஜன்னல். சமையல் மேடை, தரையிலிருந்து முப்பத்திரண்டு. அதற்கு மேல் ஒரு கட்டம், முப்பதுக்கு இருபத்துநான்கு. அளவைச் சரிபார்க்க என் டேப்பை எடுத்துக்கொண்டு போனது இவள்தான்.

தரையிலிருந்து அந்தக் கட்டத்தின் அடிவரை ஒரு கோடு இழுத்து, 62 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

இந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது தப்பான அளவு என்பதுதான்.

"அம்மா, இது சரியில்ல. மேடைக்கு மேல ஒன்றரை அடி விட்டா போதும். அம்பது வரும். அறுபத்திரண்டுல மாட்டினா உனக்குக் கையே எட்டாது."

"தெரியும்."

"அப்ப தப்பா அளந்திருக்கே."

"தப்பா அளக்கல."

அம்மா நான்கடி பத்து. ஐம்பத்தெட்டு அங்குலம். அலமாரியின் அடித்தட்டே அவள் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அண்ணனும் அவளைப் போலத்தான், குள்ளம். அந்தச் சமையலறையில் அறுபத்திரண்டு அங்குலத்தில் சாதாரணமாகக் கையை நீட்டிப் பாத்திரம் எடுக்கிற ஆள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

நான் ஹால் சுவரைப் பார்த்தேன். ஆணியில் 1999-ஆம் வருடக் காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது.

"வேணும்னா அதையும் அளந்து பாரு" என்றாள் அம்மா. "உனக்குத்தான் அளக்காம எதுவும் நம்ப வராதே."

அளந்தேன். டேப்பைத் தரையில் காலால் அழுத்திக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி. எழுபத்தெட்டு. அவர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் அதில் சட்டையை மாட்டிவிட்டு உள்ளே போவார். இந்த வீட்டில் ஆறடி உயரம் இருந்தவர் ஒருவர்தான்.

"அப்பாவா?"

அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மருமகளாக வந்தவள். அவரைப் பார்த்ததே இல்லை.

"ஆனேக்கல்லதான் இருக்காரு. முட்டி மடங்க மாட்டேங்குது அவருக்கு" என்றாள் அம்மா. நேற்றுக்கூட அவரைப் பற்றிப் பேசியது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "குனிஞ்சு ஒரு டம்ளர் எடுக்க முடியல. பாத்திரமெல்லாம் தரையில கெடக்கு. எல்லாத்தையும் மேல வெக்கணும்."

"எப்பலேர்ந்து?"

"முட்டியா?"

"நீ போறது."

"நாலு வியாழக்கிழமை ஆச்சு. நீ வேலைக்குப் போயி, அப்படியே கிளாசுக்குப் போயிடுவே."

"என்கிட்ட மட்டும் ஏன்ம்மா சொல்லல?"

"உங்கப்பா போனப்ப நீ அந்த ஆணியைப் பார்த்துக்கிட்டே நாலு நாள் சாப்பிடாம உக்காந்திருந்தே. மறுபடி உன்னை அப்படிப் பார்க்க என்னால முடியாது. அலமாரி மாட்டிட்டு, ஒரு நாள் மெதுவா சொல்லலாம்னு இருந்தேன்." கயிற்றைக் காட்டினாள். "முழுப் பெட்டியா இருந்தா நான் எப்படித் தூக்குவேன்? பலகையா கட்டினா பஸ்ல சீட்டுக்கு அடியில போயிடும்னு டேரில் சொன்னான்."

போல்ட். ஒரு தரம் மட்டும் கழற்றுவது. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்று தவிர நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் சந்தேகித்திருக்கிறேன். போகப்போவது யார் என்பதைத் தவிர.

"நீயும் அங்கேயே போயிடுவியா?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஆறு நிமிஷம்."

"அப்ப தட்டு."

*

அண்ணன் கையை நீட்டினான். கொட்டாப்புளியை நான் கொடுக்கவில்லை. ஒட்டியவள் நான்.

கயிற்றை அவிழ்த்தேன். பக்கப் பலகையின் உள்பக்கத்தில் துணியை வைத்து, மேல்தட்டுக்கு அருகில் ஓர் அடி. ஈரமாக ஒரு சத்தம் வந்து காடி வாயைத் திறந்தது. பசை நூலாக இழுத்தது. அடுத்தது நடுத்தட்டு. வந்தது. எதிர்ப்பக்கம், மேல், நடு, கீழ், மூன்றும் வந்தன. அண்ணி ஈரத்துணியால் ஒவ்வொரு காடியையும் துடைத்தாள். யாரும் சொல்லாமலே துடைத்தாள்.

ஆறாவது, இடப்பக்கம் அடித்தட்டு. முதலில் நான் பசை வைத்த இடம். தட்டினேன். அசையவில்லை. மறுபடி தட்டினேன்.

ஒரு பக்கப் பலகையும் அடித்தட்டும் நாற்காலி மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

"வரலையா?" என்றாள் அம்மா.

"வரல. இனிமே அடிச்சா பிஞ்சுடும்."

அம்மா கொட்டாப்புளியைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மற்ற மூன்று பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அண்ணியின் கொடிக்கயிற்றால் கட்டினாள். கட்டு கச்சிதமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் தாராளமாகப் போகும்.

ஒட்டி நின்றதைக் கட்டுக்குள் வைக்க வழியில்லை.

"இதை நான் தூக்க முடியாது" என்றாள். "வியாழக்கிழமை நீ தூக்கிட்டு வா."

"வியாழக்கிழமை எனக்குக் கிளாஸ் இருக்கு."

"பஸ் ஒன்பதரைக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா கறிப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பிட்ட பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இடப்புறம் எழுதினேன். இணைப்பு ஆறு. பிரிந்தது ஐந்து. கடைசி அடி அடித்த நேரம் பதினொன்று முப்பத்தொன்பது. இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

ஆறாவது ஏன் வரவில்லை என்று எழுத வேண்டும். பசை முதலில் வைத்த இடம், அதனால் சீக்கிரம் பிடித்துவிட்டது என்று எழுதலாம். அல்லது அந்த ஓர் அடியை நான் முழுக் கையாலும் அடிக்கவில்லை.

கோட்டின் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவைக் கோட்டின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.